அரசூர்/87

விழுப்புரத்திலிருந்து திருச்சி போகும் சாலையில், உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் அரசூர் வருகிறது. திருவெண்ணெய்நல்லூர் போகிறவர்கள் அங்கே இறங்கி வேறு பஸ் பிடிப்பார்கள். சைவர்களுக்கு வெண்ணெய்நல்லூர் முக்கியம். கம்பனைப் படிக்கிறவர்களுக்கு சடையப்பரால் முக்கியம். அரசூர் இரண்டு கட்சிக்கும் பஸ் மாறுகிற இடம், அவ்வளவுதான். ஆனால் வைரஸ்களைப் பற்றி ஆராய்கிறவர்களின் உலகத்தில், வெண்ணெய்நல்லூரைத் தெரியாத ஒருவருக்கு அரசூரைத் தெரிந்திருக்க நியாயம் உண்டு. அங்கே அது ஊரின் பெயராக இல்லை. ஒரு வைரஸின் பெயராக, பக்கத்தில் ஒரு ஆண்டும் சேர்த்து, அரசூர்/87 என்று வழங்குகிறது.

1987 இல் அந்த ஊரில் செம்மறி ஆடுகள் ஒரு நோயில் விழுந்தன. அதுவரை இந்தியாவில் இருப்பதாக யாரும் எழுதியிராத நோய். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். ஷைலாவும் உடன் பணிபுரிந்தவர்களும் 1989 இல் இங்கிலாந்துக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் அதை அறிவித்தார்கள். செத்த ஆடுகளிலிருந்து எடுத்த வைரஸைப் பிற்பாடு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆய்வகத்தில் வளர்த்து, வீரியத்தைக் குறைத்து, தடுப்பூசியாக ஆக்கியது. அரசூரில் ஆட்டைக் கொன்றதே இன்று ஆட்டைக் காக்கிறது என்று ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் சொல்லக்கூடும். நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல.

எனக்கு இந்த விஷயம் புத்தகத்தின் வழியாக வரவில்லை. நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. கிளை திண்டிவனத்தில், வீடு விழுப்புரத்தில். காலையில் பாஸஞ்சர் வண்டியில் முண்டியம்பாக்கத்து ஆலையின் வெல்லப்பாகு நெடியைத் தாண்டி விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று போவதில்தான் என் வாசிப்பும், இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிற குறிப்புகளும் நடக்கின்றன. தை, மாசியில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் அறுப்பு முடிந்த வயல்களில் பட்டி போட்டிருப்பார்கள். வலைக்குள் நூறு, இருநூறு செம்மறிகள். நிலத்துக்காரனுக்கு எரு, ஆட்டுக்காரனுக்குக் கொஞ்சம் நெல்லோ பணமோ. ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஓடுகிற வண்டியிலிருந்து எதுதான் அழகாக இல்லை?

சென்ற ஆண்டு அப்படி ஒரு தை மாதம், மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்தார். எங்கள் கிளையில் ஆட்டுக் கடன் வாங்கியவர். இருபது பெட்டை, ஒரு கிடா. கடன் கொடுக்கும்போதே ஆடுகளுக்கு இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் என்றால் ஒவ்வொரு ஆட்டின் காதிலும் எண் பொறித்த ஒரு பிளாஸ்டிக் வில்லை. ஆடு செத்தால் அந்த வில்லையைக் காட்ட வேண்டும், கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். வில்லை இல்லையேல் பணம் இல்லை. (காதை வில்லையோடு அறுத்து, உப்புத் தடவி, பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. முதல்தடவை அதை மேஜைமேல் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. இரண்டாம் தடவை சாப்பிட்டேன்.)

பெரியவர் கையில் பை எதுவும் இல்லை. "பட்டியில சீக்கு வந்துடுச்சி சார்" என்றார்.

"எத்தனை உருப்படி போச்சுங்கய்யா?"

"பதினொண்ணு."

படிவத்தை எடுத்து வில்லை எண்களைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "கம்மல் போட்டதெல்லாம் அப்படியே நிக்கிது சார். போடாததுதான் பூட்ச்சி."

செத்தவை எல்லாம் குட்டிகள். கடன் வாங்கிய பிறகு, ஐப்பசிவாக்கில் அந்த இருபது பெட்டைகளும் ஈன்ற பதினேழில் பதினொன்று. கடன் பத்திரத்தில் குட்டிகள் இல்லை. இன்சூரன்ஸ் ஏட்டில் இல்லை. எங்கள் கம்ப்யூட்டரில் அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தால் இருபது பெட்டை, ஒரு கிடா, ஈடு முழுதாக இருக்கிறது. நஷ்டம் என்று எதுவும் நடக்கவில்லை. படிவத்தை மடித்து உள்ளே வைத்தேன். பெரியவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். மேலாளரைப் பார்க்க வேண்டுமாம்.

குட்டிகள் மட்டும் ஏன் சாக வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தப் பெட்டைகளுக்கு முந்தின முகாமிலேயே தடுப்பூசி போட்டாகியிருந்தது. ஊசி போட்ட தாயின் முதல் பாலில் குட்டிக்கும் ஒரு காப்பு வருகிறது. மூன்று நான்கு மாதத்தில் அது தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த பிறகு குட்டிக்கு ஊசி போட வேண்டும். தீர்வதற்கு முன்னால் போட்டால் தாய் தந்த காப்பே ஊசியைச் செல்லாமல் ஆக்கிவிடும். முகாம் வருஷத்தில் என்றோ ஒருநாள் வருகிறது. குட்டிகள் தங்களுக்கு வசதியான மாதத்தில் பிறக்கின்றன. இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் இடையிலுள்ள சந்தில் நோய் நுழைகிறது.

வந்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. சுரம், பிறகு மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு. அது கெட்டிப்பட்டு மூக்குத் துவாரம் அடைத்து, இமை ஒட்டிக்கொள்கிறது. வாய்க்குள் புண், ஈறிலும் நாக்கிலும் தவிட்டைப் பூசினதுபோல ஒரு படலம். வாய் நாறும், தீனி இறங்காது. கழிச்சல், இருமல், நெஞ்சில் சளி. சுரம் கண்ட ஐந்திலிருந்து பத்து நாளில் முடிந்துவிடும். பிழைத்தது பிழைத்தால், பிற்பாடு அந்த நோய் அதை அண்டாது. மருத்துவர் போடுகிற ஊசிகள் பின்னால் வரும் சளிக்காய்ச்சலுக்குத்தான், வைரஸுக்கு அல்ல. இதையெல்லாம் எனக்குச் சொன்ன அரசுக் கால்நடை மருத்துவர் பொறுமைசாலி. நான் வங்கிக்காரன் என்பதைவிட நான் கவிதை பற்றி எழுதுகிறவன் என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால்நடைத்துறை தமிழில் இதை 'ஆட்டுக்கொல்லி நோய்' என்கிறது. மூலப்பெயர் பிரெஞ்சு, சிறிய அசைபோடும் பிராணிகளின் கொள்ளைநோய் என்று பொருள். 1942 இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர். (விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பாண்டிச்சேரியையும் அப்போது அவர்கள்தான் ஆண்டுகொண்டிருந்தார்கள். நமக்கு இந்த நோய் அந்த வழியாக வந்ததாக எண்ண வேண்டாம். சரித்திரத்தின் இம்மாதிரி ஒற்றுமைகள் நாவலாசிரியர்களுக்குப் பயன்படும்.) 'பூச்சிக்கொல்லி'யில் கொல்லி நம் கையாள். 'ஆட்டுக்கொல்லி'யில் கொல்லி எதிரி. ஒரே விகுதி இப்படி இரண்டு பக்கமும் வேலை செய்வதைத் துறை கவனித்திருக்காது. எனக்கு அந்தச் சொல்லின்மேல் புகார், அது மேஜையில் பிறந்த சொல் என்பதுதான். கோமாரி, அடைப்பான், சப்பை, துள்ளுமாரி, வெக்கை என்று பட்டியிலும் தொழுவத்திலும் வழங்குகிற பெயர்களைப் பாருங்கள். துள்ளுமாரியில் குட்டி துள்ளிச் சாவது தெரிகிறது. கோமாரியில் மாரியம்மன் இருக்கிறாள். வந்தவளைக் குளிர்வித்து அனுப்ப வேண்டும் என்கிற முறையும் இருக்கிறது. வெக்கை என்றால் மாட்டின் உடம்பில் ஏறுகிற அனல். இந்தப் பெயர்கள் விஞ்ஞானம் அல்ல. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கண் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. பெரியவர் கடைசிவரை 'சீக்கு' என்றே சொன்னார். ஆட்டுக்கொல்லிக்கென்று அவரிடம் தனிப்பெயர் இல்லை.

இல்லாததற்கும் காரணம் உண்டு. 1987 க்கு முன்னால் இந்த நோய் இங்கே வெக்கையின் போர்வைக்குள் இருந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. இரண்டு வைரஸ்களும் சகோதரர்கள். மனிதர்களின் தட்டம்மையும் அதே குடும்பம். வெக்கை மாட்டை அழித்தது. ஆட்டிலும் அதேபோல ஒழுக்கும் புண்ணும் கழிச்சலும் கண்டால் அதையும் வெக்கை என்று எழுதிக்கொள்வது இயல்பு. அரசூரில் நடந்தது, ஒருவகையில், விமர்சனம். ஒரே மாதிரி தோன்றும் இரண்டை வேறுவேறு என்று காட்டியது. நாம் பாதி நாள் இதைத்தான் செய்வதாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நம்முடைய முடிவு தவறினால் ஆடு சாவதில்லை. இந்தியாவில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995 இல். 2011 இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அது ஒன்றுதான். இப்போது தம்பியின் முறை. 2015 இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலேயே கூடி, 2030க்குள் ஆட்டுக்கொல்லியையும் ஒழிப்பது என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

ஊர்ப்பெயரை நோய்க்கு வைக்கும் பழக்கத்தை 2015 இல் உலக சுகாதார நிறுவனம் வேண்டாமென்றது. ஊருக்கு அவப்பெயர் என்று. கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் இங்கிலாந்தில் நியூகாசில் என்றும், நம் நாட்டில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட் என்றும் இரண்டு ஊர்களைச் சுமக்கிறது. நம் பக்கத்தில் பலர் அதை ராணிப்பேட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1932 இலிருந்து அங்கே தடுப்பு மருந்து தயாரிப்பதால் குழப்பத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. அரசூருக்கு அந்தக் கஷ்டமில்லை. அதன் பெயர் நோயில் ஒட்டாமல் மருந்தில் ஒட்டிக்கொண்டது. இமாசலப் பிரதேசத்தின் சுங்ரிக்கும் அதே அதிர்ஷ்டம். அங்கே 1996 இல் எடுத்த வைரஸிலிருந்து இன்னொரு தடுப்பூசி வந்தது.

வங்கி வேலையில் இருக்கிற ஒருவன் சோழர் கல்வெட்டுகளைப் படிக்க நேர்ந்தால், மற்றவர்கள் கோயிலைப் பார்க்கும் இடத்தில் அவன் கடன் பத்திரத்தைப் பார்ப்பான். நந்தா விளக்கு எரிப்பதற்கு ஆடு கொடுத்த செய்திகள் அவற்றில் ஏராளம். அரசூருக்கு எட்டிய தூரத்திலுள்ள திருநாவலூரிலும் உண்டு. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடு, சில இடங்களில் தொண்ணூறு. ஆட்டை ஏற்ற இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் விகிதமே இருக்கிறது: தொண்ணூற்றாறு ஆட்டுக்கு நாற்பத்தெட்டுப் பசு அல்லது பதினாறு எருமை. ஏற்றவன் பெயரும் அவனுக்குப் பொறுப்பு நின்ற உறவினர் பெயரும்கூட வெட்டப்பட்டிருக்கின்றன. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, மூப்படையாது.

எந்தக் கவிஞனும் இதைச் சொல்லவில்லை, கணக்கன் சொன்னான். செத்ததற்குப் பதில் ஒரு குட்டி எழுந்து அதன் எண்ணில் நின்றுகொள்ளும், ஆகவே எண் சாவதில்லை. நெய் நிற்காது, விளக்கு அணையாது. ஆட்டின் சாவும் மூப்பும் இடையனின் சொந்த விவகாரம். திண்டிவனத்தில் எங்கள் ஏட்டிலுள்ள இருபது பெட்டைகளும் இந்த வம்சம்தான். ஒரு வித்தியாசம்: சோழர் கணக்கு குட்டிகளை நம்பி நின்றது. எங்கள் கணக்கில் குட்டிகளே கிடையாது. ஆனால் தவணையை எதை விற்றுக் கட்டுவது? குட்டியை விற்றுத்தான். சீக்கு வந்தபோது கணக்கில் இருந்தது தப்பியது. கணக்கு எதன் தலையில் நின்றதோ அது போயிற்று. ஆயிரம் வருஷத்தில் ஒரு பெரிய கொள்ளைநோயாவது வந்து தொண்ணூற்றாறையும் குட்டிகளோடு வாரிக்கொண்டு போயிருக்காதா? அந்த வீட்டில் என்ன நடந்தது, நெய்யை எங்கே வாங்கி அளந்தான் என்பதைக் கல்லில் வெட்டவில்லை. பக்கத்து வெண்ணெய்நல்லூரில் கடவுளே கிழவராக வந்து, கையில் ஓலையைக் காட்டி, 'உன் பாட்டன் எழுதிக் கொடுத்தது' என்று சுந்தரர்மேல் வழக்காடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பத்திரத்தின் கை இந்தப் பிரதேசத்தில் எப்போதும் ஓங்கித்தான் இருந்திருக்கிறது.

தடுப்பூசியின் ஜாதகமும் இதே ராசி. அரசூர் வைரஸை வளர்த்தது ஒரு ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962 இல் ஜப்பானில் எடுத்த செல்களில். குரங்கு எப்போதோ போய்விட்டது. செல்கள் உலகத்து ஆய்வகங்களில் இன்னும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் 1987 இன் வைரஸ் திரும்பத் திரும்ப ஏறி, கொல்லும் குணத்தை மறந்து, உலர்த்திய பொடியாகக் குப்பிக்குள் இருக்கிறது. கரைத்துவிட்டால் ஐஸ் பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் தோலுக்கடியில் ஒரு மில்லி போட்டாக வேண்டும். ஒரு ஊசி குறைந்தது மூன்று வருஷம் காக்கும் என்கிறார்கள். சாவா மூவா என்று சொல்லத்தக்க ஆடு அரசூரில் ஒன்று உண்டானால் அது இந்தக் குப்பிக்குள் இருப்பதுதான். இதில் எனக்குக் கேலி இல்லை. மூன்று மாதக் குட்டிக்கு அந்த ஒரு மில்லி சரியான வாரத்தில் கிடைத்திருந்தால் பதினொன்றும் நின்றிருக்கும்.

ஆயத்தம் என்று எழுதுவதெல்லாம் எளிமையானதுதான். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டு. இருமுகிறதைப் பிரி. செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதை. உடனே தகவல் சொல். 2009 இல் மத்திய அரசு போட்ட சட்டப்படி, தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தாலே ஆட்டுக்காரன் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்ல வேண்டும். சந்தையை மூடவும் நடமாட்டத்தை நிறுத்தவும் அரசுக்கு அதிகாரமுண்டு. வைரஸும் ஒரு விதத்தில் சாது. ஆட்டை விட்டு வெளியே வந்தால் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும்; பிழைத்த ஆட்டில் ஒளிந்து வாழாது. அது பிழைக்க வேண்டுமானால் இன்னொரு ஆட்டின் மூச்சருகே போயாக வேண்டும். கொண்டுபோவது யார்? உளுந்தூர்பேட்டையில் புதன்கிழமை சந்தை, செஞ்சியில் வெள்ளிக்கிழமை. பக்ரீதுக்கும் தீபாவளிக்கும் முன்னால் செஞ்சியில் விடியற்காலையில் நடக்க இடமிராது. வெவ்வேறு ஊர் ஆடுகள் மூக்கோடு மூக்காக நிற்கும்.

பெரியவர் மீதி ஆறு குட்டிகளில் நான்கை அடுத்த வெள்ளிக்கிழமை செஞ்சிக்கு ஓட்டிப்போனார். இருமலா என்று நான் கேட்கவில்லை. அவராகவே "கொஞ்சம் செருமுது, அதான் வெலை இல்ல" என்றார். திங்கட்கிழமை தவணை கட்டினார். ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தேன். கெடு தேதி வெள்ளிக்குப் பிறகு வந்திருந்தால் அந்தக் குட்டிகள் பட்டியிலேயே செத்திருக்கும் அல்லது பிழைத்திருக்கும், வேறெந்த ஊருக்கும் போயிராது. நோய் பரவும் வழிகள் என்று துறை அச்சிடும் துண்டுப்பிரசுரத்தில் மூச்சு, எச்சில், சாணம், பொதுத் தண்ணீர்த்தொட்டி எல்லாம் இருக்கிறது. கடன் தவணை இல்லை. சேர்க்கலாம்.

நம் இலக்கியத்துக்கு வருகிறேன். முல்லை என்று ஒரு திணையையே இடையர்களுக்கு எழுதி வைத்திருக்கிறோம்; அங்கே காத்திருத்தல் உண்டு, கார்காலம் உண்டு, ஆட்டுக்கு மூக்கு ஒழுகுவதில்லை. நான் பி.ஏ.யில் ஆங்கிலக் கவிஞர்களின் இடையர் பாடல்கள் பற்றிப் பதினைந்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியவன். அங்கேயும் இடையன் கவிஞனின் மாறுவேஷம். ரோமாபுரி வர்ஜில் ஒருவர்தான் தம் உழவர் காவியத்தின் மூன்றாம் புத்தகத்தை ஒரு கால்நடைக் கொள்ளைநோயில் கொண்டுபோய் முடிக்கிறார். ஏரில் பூட்டியிருக்கும்போதே ஒரு மாடு விழுந்துவிடுகிறது. உழுகிறவன் மௌனமாக மற்ற மாட்டின் நுகத்தைக் கழற்றுகிறான். அதை வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. தமிழில் கி. ராஜநாராயணனின் 'கிடை' சட்டென்று நினைவுக்கு வருகிறது. ஆடுகள் பருத்திக் காட்டில் மேய்ந்துவிட்டதில் தொடங்கி மனிதர்களின் விவகாரம் வெளிப்படும். அருமையான கதை. ஆனால் அந்தக் கிடையில் ஆடுகள் ஆரோக்கியமாக இருக்கின்றன. புதுக்கவிதையில் ஆடு வந்தால் பெரும்பாலும் பலியாடாக வரும், படிமம் ஆகிவிடும். பதினொரு குட்டிகள் படிமம் ஆகாமல் சாவதை எழுத நம்மிடம் வாக்கியம் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். இந்தக் கட்டுரையிலும் அவை கணக்காகத்தான் வந்திருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசூரில் இறங்கினேன். கூட்டுரோட்டு டீக்கடையில் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் நாலைந்து பேர். "எண்பத்தேழுல இங்க ஆடுங்க நெறைய செத்துச்சாமே, ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டேன். எண்பத்தேழு எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் சாலை மறியல். வெட்டிச் சாய்த்த மரங்கள், துப்பாக்கிச்சூடு, இருபத்தோரு சாவு. டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தது, கடைகளை அடைத்தது, மொட்டை போட்டுக்கொண்டது. ஒருவர் அன்றைக்குத் திருமணம் நிச்சயம் ஆகியிருந்து தள்ளிப்போனதைச் சொன்னார். ஆடு பற்றி யாருக்கும் எதுவும் இல்லை.

"ஆடுன்னா சாவறதுதான சார்" என்றார் கடைக்காரர், வேறெதோ கணக்கில் கவனமாக.

அவருடைய பங்காளி முறையில் ஒருவர் இப்போதும் பட்டி வைத்திருக்கிறாராம். திருவெண்ணெய்நல்லூர் சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்தேன். வயலில் வலை கட்டியிருந்தது. ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. கூடையால் மூடியிருந்த இடத்தில் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஐந்தாறு குட்டிகள். ஒரு அம்மாள் காவல் இருந்தார். ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"தாய்ங்களுக்குப் போட்டாங்க தம்பி. இதுங்க அப்ப பொறக்கல."

"மூணு மாசம் ஆனதும் போடணும்மா. நாலு ஆகறதுக்குள்ள."

"சித்திரையிலயா?" என்று விரல்விட்டு எண்ணினார். "அப்ப நாங்க இங்க இருக்க மாட்டமே. வடக்க ஓட்டிக்கினு போயிருப்போம்."

எந்த ஊர் என்று கேட்டேன். தண்ணி எங்கே இருக்கிறதோ அங்கே என்றார்.